வேலை போனால் வீடும் போகும்

கேள்வி கேட்ட தம்பி மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். இப்போது ஷா ஆலாமில் வேலை. அவர் கேட்டதன் சுருக்கம்: "1950-களில் என் தாத்தா பால்மரம் வெட்டினார் (ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தார்). அப்போது கம்போங் பாருவில் (புதுக்கிராமத்தில்) இருந்த சீனர்களும் ஏழைகள்தான், அரசின் பெல்டா குடியேற்ற நிலத்துக்குப் போன மலாய்க்காரர்களும் ஏழைகள்தான். இரண்டு தலைமுறைக்குள் மூன்று பேரும் மூன்று இடத்தில் நிற்கிறோம். நம்முடைய அரசியல் மட்டும் ஏன் கோயில், பள்ளி, சுடுகாடு என்றே சுற்றிச் சுற்றி வருகிறது? நமக்கு உழைப்பு போதவில்லையா?"

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். விடியுமுன் எழுந்து பெரட்டில் (ஆள் கணக்கெடுக்கும் இடத்தில்) போய் நின்ற சனத்தைப் பார்த்து உழைப்பு போதவில்லை என்று சொல்ல நாக்கு கூசவேண்டும். கள்ளு, சினிமா, சிக்கனமில்லாமை என்று மேடைகளில் அடுக்குகிறவர்கள் பெரும்பாலும் நம் ஆட்களே. தோட்டத்துக்கு உள்ளேயே கள்ளுக்கடையைக் கொண்டுவந்து வைத்தது யார் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

நான் கிராணி (தோட்ட ஆபீஸ் எழுத்தர்) மகன். பிற்பாடு பல ஆண்டுகள் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கணக்குத் தணிக்கை செய்து பிழைத்தவன். அதனாலோ என்னவோ, ஒரு சமூகத்தைப் புரிந்துகொள்ள அதன் பண்பாட்டைவிட அதன் பத்திரங்களை முதலில் பார்க்கத் தோன்றும். குடியிருக்கும் கூரை யார் பேரில் இருக்கிறது? வேலை நின்ற மறுநாளும் அதன் கீழே படுக்கலாமா? நம் வட்டாரத்தில் இந்த இரண்டு கேள்விக்கும் மூன்று கூட்டத்துக்கு மூன்று பதில். மற்ற வித்தியாசங்களில் பாதி அதிலிருந்து பிறந்தவை என்பது என் கணக்கு.

நம் ஊர் இருக்கும் இடத்தைப் பார். ஒரு பக்கம் ஈப்போ, இன்னொரு பக்கம் கோலகங்சார். அந்தக் கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்றும் வேலி போட்ட மரமாக நிற்கிறது. சுற்றுலா வருபவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதன் வம்சம்தான் தண்டவாளமும் பெரிய சாலையும் போன வழியெல்லாம் பரவியது. மரம் போன வழியில், ஊரிலிருந்து ஆள் திரட்டும் கங்காணி பிடித்து வந்த ஆட்களும் பரவினார்கள். 1910-இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்தது. கங்காணி முறை அதற்குப் பிறகும் ஓடி, 1938-இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தியபோதுதான் அடங்கியது.

தோட்டத்துக்கு ஒரு கேட் உண்டு. உனக்கு நினைவிருக்கும். கேட்டுக்கு உள்ளே துரைதான் (தோட்ட மேனேஜர்தான்) நகராட்சி, துரைதான் போலீஸ், முக்கால்வாசி நேரம் நீதிபதியும் அவர்தான். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயம் அவருடையது. குழாய் தண்ணீர், டிரெஸ்ஸர் இருக்கும் ஆஸ்பத்திரி, ஆயாக்கொட்டகை, பள்ளிக்கூடம், கோயில் நிற்கும் தரை எல்லாம் அவர் கையில். தபால்கூட ஆபீசுக்குத்தான் வரும். என் அப்பா அதைப் பிரித்துப் பெயர் வாரியாக அடுக்குவார். யாருக்கு ஊரிலிருந்து கடிதம், யாருக்குக் கோர்ட்டு ஓலை என்று அவருக்கு முதலில் தெரியும். மண்டோருக்கு (மேற்பார்வையாளருக்கு) இரண்டாவதாகத் தெரியும். விலாசத்துக்கு உரியவனுக்குக் கடைசியில்தான் தெரியும்.

சம்பளம் ரப்பர் விலையைப் பார்த்து ஏறும், இறங்கும். மழை பெய்தால் மரம் நனையும், வெட்ட முடியாது, அன்றைக்குக் கூலி இல்லை. வீட்டுக்கு வாடகை மட்டும் கிடையாது. இதைத்தான் பெரிய சலுகையாகச் சொல்வார்கள். எனக்கென்னவோ அது நாட்டிலேயே விலை கூடிய வாடகையாகப் படுகிறது. லயத்தில் இருக்க வேண்டுமானால் குடும்பத்தில் யாராவது அந்தத் தோட்டத்தில் பேர் பதிந்திருக்க வேண்டும். மூத்தவன் பட்டணத்துக்குப் போனால் இளையவள் பள்ளியை விட்டு நிரைக்கு (மர வரிசைக்கு) வேலைக்குப் போகவேண்டும். அப்பா காலொடிந்து படுத்தால் மகன் வாளியைத் தூக்கவேண்டும். அடுத்த தலைமுறையின் படிப்பிலிருந்து பிடித்துக்கொண்ட வாடகை அது.

மலாய் விவசாயி கதை வேறு. 1913-இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் வந்தது. அவருடைய நிலம் அவர் இனத்தை விட்டுப் போகக்கூடாது என்றது. அது நல்லதா கெட்டதா என்று இன்றுவரை வாதம் உண்டு. வெளியாருக்கு விற்க முடியாத நிலத்துக்கு விலை குறைவு, கடனும் எளிதில் கிடைக்காது. 1922-இல் ரப்பர் விலையைத் தூக்கி நிறுத்த ஸ்டீவன்சன் திட்டம் என்று உற்பத்திக்கு அளவு போட்டபோது பெரிய தோட்டங்களுக்குக் கை தாராளம், சின்ன நிலக்காரருக்குக் கை சுருக்கம். அவர் ஏழையாகவே இருந்தார், ஆனால் மண் அவர் பேரில் இருந்தது. மண்ணைக் கையில் வைத்திருக்கும் ஏழையிடம் ஓட்டுக் கேட்டு வருகிறவன் பேசும் தொனியே வேறு.

அடுத்து 1948. ஜூன் 16 காலையில் நம் ஊர்ப் பக்கத்து எல்பில், பின் சூன் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசர காலம் பிறந்தது அங்கே. 12 ஆண்டு நீடித்தது. இதைக் காட்டுக்குள் நடந்த சண்டையாகவே பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். தோட்டத்தில் அது வேறு மாதிரி இறங்கியது. போர் முடிந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் வேகமாக வளர்ந்து, இனம் பாராமல் ஒரே சம்மேளனமாகச் சேர்ந்திருந்தன. 1948-இல் அந்தச் சம்மேளனம் தடை செய்யப்பட்டது. அதன் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதியை 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் வந்தது, கூலி உயர்வுக்கும் சேமநிதிக்கும் பேசியது, அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் சீனத் தொழிலாளியும் தமிழ்த் தொழிலாளியும் ஒரே கொடியின் கீழ் நின்று முதலாளியை நேருக்கு நேர் கேட்ட காலம் அதோடு போயிற்று. அதன் பிறகு அவரவர் இனக் கட்சி, அவரவர் இனத் தலைவர், அவரவர் மனு.

அதே அவசர காலம் சீனர்களை என்ன செய்தது? காட்டோரத்தில் மரவள்ளியும் காய்கறியும் போட்டுக்கொண்டிருந்தவர்களை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து முள்வேலிக்குள் இறக்கினார்கள். நாடெங்கும் 400-க்கும் மேற்பட்ட புதுக்கிராமங்கள், ஏறத்தாழ 5 லட்சம் பேர். ஊரடங்கு, அரிசிக்கு அளவு, வாசலில் சோதனை. கொடுமைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கொடுமை எங்கே நடந்தது என்று கவனி: சாலையோரத்தில், பட்டணத்தை ஒட்டி. ஒரு வீட்டு மனை தற்காலிக உரிமத்தில் கிடைத்தது. பள்ளி, மண்டபம் வந்தன. 1952-க்குப் பிறகு பல கிராமங்களில் உள்ளூர் மன்றத்துக்குத் தேர்தல்கூட நடந்தது. வேலியைப் பிரித்தபோது அவர்கள் கையில் ஒரு வீடும் ஒரு விலாசமும் பக்கத்தில் ஒரு சந்தையும் இருந்தன. ஈயச் சுரங்கம் மூடினால் சைக்கிள் கடை, அது ஓடாவிட்டால் கோழிப்பண்ணை. வேலை மாறலாம், வீடு மாறவேண்டியதில்லை. எந்த முதலாளியிடமும் வீட்டுக்காகக் கைகட்டி நிற்காதவன் ஓட்டையும் தன் இஷ்டத்துக்குப் போடுவான். புதுக்கிராமங்களில் எதிர்க்கட்சி காலூன்றியதற்கு நான் காணும் பெரிய காரணம் இதுதான்.

நம் பக்கமும் வேலி போட்டார்கள். சிதறிக் கிடந்த லயங்களை ஆபீசுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்துக் கட்டினார்கள். மனை? உரிமம்? அதெல்லாம் இல்லை. துரையின் வீட்டிலிருந்து துரையின் இன்னொரு வீட்டுக்கு மாறினோம், அவ்வளவுதான்.

பெல்டாவை நீ பொறாமையோடு குறிப்பிட்டிருந்தாய் என்று நினைக்கிறேன், தவறில்லை. 1956-இல் தொடங்கிய திட்டம். நிலமில்லாத குடும்பத்துக்கு ஏறத்தாழ 10 ஏக்கர் ரப்பரோ செம்பனையோ, தனியாக வீட்டு மனை, செலவு கடனாக. 1990-இல் புதுக் குடியேற்றத்தை நிறுத்தும் வரைக்கும் 1,12,635 குடும்பங்கள் போயின, மிகப் பெரும்பாலும் மலாய்க் குடும்பங்கள். மரமும் அதே மரம், கத்தியும் அதே கத்தி. ஒரு தமிழ் வெட்டுக்காரர் 40 வருடம் வெட்டி ஓய்வு பெறும்போது சேமநிதியும் ஒரு பாராட்டும் கிடைக்கும். பெல்டாக்காரர் ஓய்வு பெறும்போது நிலம் இருக்கும்.

ஆனால் அந்தப் பக்கத்து வில்லங்கத்தையும் சொல்லவேண்டும். கடன் தீரும் வரை பட்டா கைக்கு வராது. மறுநடவுக்குக் கடன், வீடு பெரிதாக்கக் கடன், எல்லாம் ஒரே நிறுவனத்திடம். கூரை உன்னுடையது, அதை அடமானம் பிடித்திருப்பவர் அரசு. அதனால்தான் ஐம்பதுக்கு மேற்பட்ட பெல்டா தொகுதிகளை மலாய்க் கட்சியான அம்னோ தன் சேமிப்புக் கணக்குபோல வைத்திருக்க முடிந்தது. 2012 ஜூனில் பெல்டாவின் வாணிபப் பிரிவைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள், பங்கு 4.55 வெள்ளி (ரிங்கிட்). சில ஆண்டுகளில் அது பாதிக்கும் கீழே விழுந்தது. 2018 தேர்தலில் அந்தச் சேமிப்புக் கணக்கிலும் ஓட்டை விழுந்தது. 2021-இல் குடியேற்றக்காரர்களின் 8.3 பில்லியன் வெள்ளி கடனைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. ஓட்டுக்குப் பலமுள்ள இடத்தில் கடனும் கரையும்.

இங்கே நம் ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் போனால் பாவம். துன் வீ.தி. சம்பந்தன், சுங்கை சிப்புட்டில் பிறந்தவர், ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர், பிறகு அமைச்சர். 1950-களின் நடுவிலிருந்தே வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். 100 ஏக்கருக்குக் கீழே போய்விட்டால் சட்டத்தின் கண்ணில் அது தோட்டமே இல்லை. ஆஸ்பத்திரி, பள்ளி, சங்க ஒப்பந்தம் எல்லாம் அறுந்துபோகும். தோட்டத் துண்டாடல் என்ற சொல் அன்றைக்கு வீட்டுக்கு வீடு புழங்கிய சொல். சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் 10 வெள்ளி கட்டுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்றார். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் கைக்கு வந்தது. நம் சனம் தன் கூலியிலிருந்து கட்டிய மிகப் பெரிய சொத்து என்று தயங்காமல் சொல்வேன்.

என் குறை ஒன்று உண்டு. கூட்டுறவு தோட்டத்தைத் துண்டாகாமல் காப்பாற்றியது, தோட்டத்தைத் தோட்டமாகவே நடத்தவும் செய்தது. லயம் லயமாகவே இருந்தது. அந்த நிலத்தில் ஒரு மூலையையாவது வீட்டு மனையாகப் பிரித்து வெட்டுக்காரர் பேரில் எழுதிவைக்கும் வழியை அன்றே பெரிய அளவில் பிடித்திருந்தால், பின்னால் வந்த இடி பாதியாகக் குறைந்திருக்கும். தணிக்கைக்காரன் புத்தி, லாப நட்டக் கணக்கை விட்டுவிட்டுப் பத்திரத்தையே தேடுகிறது.

இடி பல திசையிலிருந்து வந்தது. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவருக்கு வேலைப் பெர்மிட் என்று இறுக்கினார்கள். சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்கள் கலங்கினார்கள். சுமார் 60,000 தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறியதாகக் கணக்கு. பிறகு ரப்பரைப் பிடுங்கிவிட்டுச் செம்பனை நட்டார்கள். பால்மரத்துக்குத் தினமும் ஆள் வேண்டும். செம்பனைக் குலைக்குப் பத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு சுற்று போதும். ஆரம்பத்தில் செம்பனைப் பூவுக்குக் கையால் மகரந்தம் தூவும் வேலை இருந்தது, எங்கள் பக்கம் பெண்கள்தான் செய்தார்கள். 1981-இல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து தோட்டங்களில் விட்டார்கள். அரிசி மணி அளவுகூட இல்லாத அந்த வண்டு கூலியில்லாமல் அதே வேலையைச் செய்தது. பெண்களின் அந்தப் பேர்ப்பட்டியல் அப்படியே ஒழிந்தது.

அதே ஆண்டு செப்டம்பர் 7 காலை, லண்டன் பங்குச் சந்தையில் நான்கு மணி நேரத்துக்குள் பிரிட்டிஷ் தோட்டக் கம்பெனியான கத்ரி (Guthrie) மலேசியர் கைக்கு வந்தது. தேசத்துக்கு அது பெருமையான காலை, நானும் சந்தோஷப்பட்டேன். லயத்தில் மட்டும் மாற்றம் எதுவும் தெரியவில்லை. துரையின் நிறம் மாறியது.

இதே காலத்தில் நாடு வேறு பாதையில் வேகம் பிடித்திருந்தது. 1971-இல் புதிய பொருளாதாரக் கொள்கை. 1972-இல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம், மின்னணுத் தொழிற்சாலைகள். கம்பத்து (மலாய்க் கிராமத்து) பெண்பிள்ளைகள் தொழிற்சாலை பஸ் ஏறினார்கள். நம் பெண்களும் போனார்கள், மறுக்கவில்லை. தையல் மிஷினும் முதல் டிவியும் வந்தது அந்தச் சம்பளத்தில்தான். ஆனால் மகள் பஸ் ஏறினால் லயத்தில் பேர் குறையும். கம்பத்துப் பெண்ணுக்கு அந்தப் பயம் இல்லை, அவள் வீடு எங்கும் போகாது. கொள்கை ஏட்டில் இனம் பாராமல் வறுமை ஒழிப்பு என்றுதான் எழுதியிருந்தது. கிராம மேம்பாட்டுப் பணம் கேட் வரைக்கும் வந்து நின்றுவிட்டது, ஏனென்றால் உள்ளே இருப்பது தனியார் சொத்து. கம்பத்துக்கு வந்த தார்ச்சாலை, மின்சாரம், மறுநடவு மானியம் எதற்கும் லயம் கணக்கில் வராது. நகரத்துக் கணக்கிலும் வராது. நம்மை இரண்டு பட்டியலிலும் தேடிப் பார்த்தால் கிடைக்காது.

1980-லிருந்து 2000 வரை தோட்டங்களிலிருந்து வெளியேறிய நம்மவர்கள் சுமார் 3 லட்சம் என்று பொதுவாகச் சொல்வார்கள். நாங்களும் அதில் அடக்கம். எங்கள் தோட்டத்து நிர்வாகம் ஒரு பக்க நோட்டீஸ் ஒட்டியது, அதைத் தட்டச்சு செய்தது என் அப்பா. தன் குடும்பத்தை வெளியேறச் சொல்லும் தாளில் எழுத்துப்பிழை வந்துவிடக்கூடாதென்று இரண்டு முறை சரிபார்த்தார் மனுஷன்.

இப்போது அரசியல். நம்மவர் ஏன் உரிமை கேட்காமல் மனு கொடுத்துக்கொண்டே இருந்தோம் என்றால், இரண்டு காரணம் தெரிகிறது. ஒன்று, ரப்பர் நம்மை மெலிசாகப் பரப்பிவிட்டது. மேற்குக் கரை நெடுக, தோட்டத்துக்குச் சில நூறு பேர் என்று இறைத்த விதை மாதிரி. இன்றைக்கும் இந்தியர் பெரும்பான்மையாக உள்ள ஒரு நாடாளுமன்றத் தொகுதிகூடக் கிடையாது. சுங்கை சிப்புட்டும் அப்படித்தான். சம்பந்தனும் பின்னாளில் ம.இ.கா. தலைவரான டத்தோ ஸ்ரீ சாமிவேலுவும் மற்ற இனத்து ஓட்டும் சேர்ந்துதான் ஜெயித்தார்கள். இலங்கை மலையகத்தோடு ஒப்பிட்டுப் பார். தேயிலை மலை உச்சியில் ஒரே இடத்தில் குவிந்து வளரும் பயிர். 1948-இல் அங்கே குடியுரிமையையே பிடுங்கினார்கள், நம்மைவிடப் பெரிய அடி. இருந்தும் 1977-இல் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா பக்கம் நின்று ஜெயிக்க முடிந்தது, ஆட்கள் ஒரே இடத்தில் அடர்ந்து இருந்ததால். நமக்கு ஓட்டு இருந்தது, அடர்த்தி இல்லை. கூட்டணியில் ஒட்டிக்கொள்வது தவிர வழி தெரியவில்லை.

இரண்டாவது, அந்தக் கேட். அரசாங்கம் உள்ளே வரமுடியாத இடத்தில் அரசாங்கத்தோடு பேச ஒரு நடு ஆள் வேண்டும். முதலில் கங்காணி, பிறகு கிராணி (என் அப்பாவையும் சேர்த்துத்தான்), பிறகு சங்கக்காரர், பிறகு கட்சிக் கிளைத் தலைவர். பள்ளி தோட்டத்து நிலத்தில் நிற்பதால் அரசின் முழு உதவி கிடையாது, பகுதி உதவிதான், மீதிக்கு மனு. கோயிலுக்கு நிலப்பட்டா கிடையாது; தோட்டம் கைமாறினால் மனு. சுடுகாடும் அப்படியே. 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன, இன்று ஏறத்தாழ 530. நம் அரசியல் இந்த மூன்றையும் சுற்றுகிறது என்று சலித்துக்கொள்கிறாயே, இந்த மூன்றும்தான் நாம் கட்டி, நம் பேரில் இல்லாமல் போனவை. வீட்டுக்குக் கேட்கத் தெம்பில்லாதவன் சாமிக்காகவாவது கேட்பான்.

மனு கொடுத்துக் கொடுத்து ஓய்ந்த ஆற்றாமை 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூர் தெருவில் இண்ட்ராப் (இந்து உரிமை நடவடிக்கைக் குழு) பேரணியாக வெடித்தது. அடுத்த மார்ச் 8 பொதுத்தேர்தலில் சுங்கை சிப்புட்டில் 1974-லிருந்து அசையாமல் இருந்த சாமிவேலுவை 1,821 ஓட்டில் தோற்கடித்தார் டாக்டர் ஜெயக்குமார். அவர் திடீரென்று முளைத்தவர் இல்லை. 1999-இலும் 2004-இலும் நின்று தோற்றவர். அதற்கு முன்பிருந்தே ஆட்குறைப்புக்கு ஆளான தோட்டக் குடும்பங்களோடு வீட்டுக்காக மல்லுக்கட்டியவர். கோயில் கும்பாபிஷேகத்துக்கு மானியம் வாங்கிக்கொடுத்து வளர்ந்த அரசியலை, வீட்டு மனைக்காக நின்ற ஒருவர் நம் ஊரில் சாய்த்தார். மற்ற இனத்து ஓட்டும் அன்றைய அலையும் இல்லாமல் அது நடந்திருக்காது என்பதும் உண்மை.

அந்த லயங்கள் சிலவற்றில் இப்போது வங்காளதேசத்து, இந்தோனேசியத் தம்பிகள் இருக்கிறார்கள். பெர்மிட் ஒரு முதலாளி பேரில்; அவரை விட்டால் கூரையோடு நாட்டில் இருக்கும் உரிமையும் போகும். நமக்காவது ஓட்டு என்று ஒன்று இருந்தது. குறைந்தபட்ச சம்பளச் சட்டம் 2013-இல் 900 வெள்ளியில் தொடங்கி இப்போது 1,700 வெள்ளியில் நிற்கிறது, ஏட்டில் அவர்களுக்கும் பொருந்தும். ஏட்டுக்கும் கேட்டுக்கும் உள்ள தூரம் உனக்குத் தெரியும்.

கடைசியாக ஒரு வேலை சொல்கிறேன். உன் தாத்தாவின் பழைய பெட்டியில் கூட்டுறவுப் பங்குப் புத்தகம் ஏதாவது கிடக்கிறதா என்று அடுத்த முறை ஊருக்கு வரும்போது தேடிப் பார். உறுப்பினர் இறந்து, வாரிசு யாரும் வராமல் தூங்கும் கணக்குகளை நான் பார்த்த சங்கங்களில் கட்டுக்கட்டாகக் கண்டிருக்கிறேன். இறப்புப் பத்திரமும் உன் அடையாளக் கார்டும் எடுத்து வா. பேர் எழுத்துக்கூட்டலில் வித்தியாசம் இருந்தால் பயப்படாதே. அந்தக் காலத்துக் கிராணிமார்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள், அதற்குச் சத்தியப் பிரமாணம் போட்டுக்கொள்ளலாம்.